சாமியார் வீடு

“ஃப்ரிட்ஜையும் வித்துட்டானாம்! முழுசா கழண்டுடுச்சு போல.”

சாப்பாட்டு இடைவேளையில் சேல்ஸ் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. வேலையை உதறிவிட்டுப் போன பழைய சகாவுக்கு அவர்கள் வைத்த பெயர் சாமியார். வீட்டுச் சாமான்களைத் தவணையில் விற்கிற கம்பெனியில் இருந்துவிட்டு, தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்ப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

சேல்ஸ் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை.

அவர் வீட்டில் இல்லாத சாமான் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடக்க வாங்கிய மெஷின்மேல் துணி காய்ந்தது. சுவரை அடைத்த டிவியைப் பார்க்க ஆளில்லை. எல்லாவற்றுக்கும் தவணை ஓடியது, தவணைக்குப் பின்னால் அவர் ஓடினார். போன வாரம் பக்கத்து அறையிலிருந்து மகள் போனில் செய்தி அனுப்பியிருந்தாள்: ‘அப்பா, வீட்லதான் இருக்கீங்களா?’

அவருக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. உட்கார்ந்து ராஜினாமாக் கடிதத்தை எழுதினார். அதை அனுப்பவும் துணிச்சல் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனுஷன் வாழ முடியுமா என்று கேட்க அவருக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“வாடா மச்சான்! என்னடா இது, பிழிஞ்சு போட்ட சக்கை மாதிரி ஆயிட்ட?”

சாமியார் பளபளவென்று இருந்தான். தொப்பை கரைந்து, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மறைந்து, பத்து வயது குறைந்தவன்போல இருந்தான். கூடம் காலி. இரண்டு நாற்காலி, கொஞ்சம் புத்தகம், ஜன்னல் நிறைய வெளிச்சம்.

சாமியாரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். “வாங்கண்ணா, அண்ணி சௌக்கியமா?” என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

“கஷ்டமா இல்லையாடா?” என்றார் மேனேஜர்.

“என்ன கஷ்டம்? வாஷிங் மெஷினைக் கொடுத்தோம், கையால துவைக்கிறோம். துணி என்ன பளிச்சுனு இருக்கு தெரியுமா! ஃப்ரிட்ஜ் இல்ல. அன்னன்னைக்கு வாங்கி, அந்தந்த வேளைக்குச் சமைக்கிறோம். பழசைச் சுட வைக்கிற பேச்சே கிடையாது. மிக்ஸி போச்சு, கல்லுல அரைக்கிறோம். வண்டியும் போச்சு, பிள்ளையை நடத்தியே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

“பணம்?”

“காலையில ஒரு கடைக்குக் கணக்கு எழுதித் தரேன். அது போதும். அவ வேலையைக்கூட விடச் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் எதுக்குடா ஓடணும்? நான் பாட்டுக்கு இந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து படிக்கிறேன். சாயங்காலம் வெளிச்சம் எப்படி மாறுதுன்னு பார்க்கிறேன். இத்தனை வருஷம் இதெல்லாம் எங்க இருந்துச்சுன்னே தெரியலைடா.”

மேனேஜரின் பையில் போன் அதிர்ந்தது. இன்றைய விற்பனை என்ன ஆச்சு என்று மேலிடத்துக் குடைச்சல். எடுக்காமல் விட்டார். உள்ளேயிருந்து யாரோ துணி துவைக்கும் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அதுகூட அவர் காதுக்கு இனிமையாக இருந்தது.

“பொறாமையா இருக்குடா,” என்றார். குரல் உடைந்துவிட்டது. “காலையில செருப்பு மாட்டும்போதே எனக்கு அழுகை வருது. யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்படியே ஒரு நாள் செத்துப் போயிடுவேன்னு தோணுது.”

சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “விட்டுட்டு வாடா. அனுப்பற வரைக்கும்தான் பயம். அப்புறம் பாரு, உடம்புல கனமே இருக்காது.”

முடிவு பண்ணிவிட்டார். விடைபெற்றுப் படி இறங்கும்போதே போனை எடுத்தார், கடிதத்தைத் திறந்தார். கட்டைவிரலை அனுப்பும் பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

“அண்ணா, ஒரு நிமிஷம்.”

சாமியாரின் மனைவி. மொட்டைமாடிக்குப் போகிற வழியில், இடுப்பில் ஈரத்துணி வாளியோடு மேல்படியில் நின்றாள். வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க கம்பெனியில ஏதாவது வேலை கிடைக்குமாண்ணா?”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. ஒரு மனுஷன் தப்பித்து வெளியே வந்தாலும் வீட்டில் இருக்கிறவர்கள் விடமாட்டார்கள் போலிருக்கிறது!

“அவனைத் திரும்ப உள்ள தள்ளப் பாக்கறீங்களாம்மா?” கோபத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். “இப்பதான் நிம்மதியா இருக்கான். இருக்கறது போதும்னு இருக்கக் கூடாதா?”

“ஐயோ, அவருக்கு இல்லண்ணா. அவர் நல்லாத்தான் இருக்கார், அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம். எனக்குத்தான் கேட்டேன். எந்த வேலைன்னாலும் சரி. ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாலும் வரேன்.”

மேனேஜருக்குச் சங்கடமாகிவிட்டது. வெளியே சொல்ல முடியாத கஷ்டம்போல என்று நினைத்துக் குரலைத் தணித்தார். “வீட்டுச் செலவுக்குப் பத்தலையாம்மா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். வாளியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“பணமெல்லாம் போதும்ண்ணா. ஆபீஸ்னா கொஞ்ச நேரம் உட்காரலாம் இல்ல?”