பன்றியிடம் கேட்ட கேள்வி

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கும் பன்றிக்கும் ஒரே வைத்தியம்தான் நடந்தது. ரத்தக்குழாய்க்குள் பலூனை விட்டு ஊதி அகலமாக்கினார்கள். அது மறுபடி சுருங்காமல் இருக்கப் புது மருந்து கொடுத்தார்கள். எலியின் குழாய் விரிந்தபடியே நின்றது. பன்றியின் குழாயோ ஒரே மாதத்தில் அடைத்துக்கொண்டது.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் தெய்வநாயகம் கூட்டத்துக்குக் கூட்டம் எலியின் குழாய்ப் படத்தையே காட்டினார்.

"என்ன மருந்து கொடுத்தாலும் நான் தேறிடுறேன் பாரு. நீயும் கொஞ்சம் ஒத்துப்போனா என்னவாம்?" என்றது எலி.

"உள்ளே என்ன நடக்குதோ அதைத்தானே நான் காட்ட முடியும்?" என்ற பன்றி, சர்க்கரைவள்ளிக்கிழங்கை நிம்மதியாக மென்றது.

ஒருநாள் டாக்டருக்கே நெஞ்சுவலி வந்தது. அவருக்கும் பலூன் வைத்துச் சரிசெய்தார்கள். உடம்பு தேறி வந்தவர், அந்தப் புது மருந்தைக் கையில் பிடித்தபடி கூண்டுகள் பக்கம் நடந்தார். எலி பெருமையாக எழுந்து நின்றது. அவர் அதைத் தாண்டிப் போய்ப் பன்றியின் முன்னால் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லு. இதை நான் சாப்பிடலாமா?"

பன்றி கிழங்கு மெல்லுவதை நிறுத்தியது. அதனிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, மீதிக் கிழங்கை அவர் பக்கம் நகர்த்தியது.