உயர்த்திய கை

படகுகள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்பதற்காக மெற்றில்டா ஒரு ரேடியோ ஸ்கேனர் வாங்கினாள். அதிலிருந்த எல்லா அலைவரிசைகளையும் அழித்துவிட்டு, ஆறு நாளாகக் கடலில் இருக்கும் கணவன் மரியான் பேசும் ஒன்றை மட்டும் பதிந்துவைத்தாள். குட்டை ஆன்டெனாவில் இரைச்சல் கேட்டது. நீளமானதில் அதைவிடப் பெரிய இரைச்சல். மொட்டைமாடிக்குப் போய் ஆன்டெனாவுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியொன்றைச் செருகி, அதன் நுனியைப் பிடித்துக் கையை உயர்த்தியதும், பக்கத்தில் நிற்பவனைப்போல மரியான் இருமினான்.

"மைனி, கைய எறக்குங்க. மரத்துப் போவும்" என்றாள் நாத்தனார் பிலோமி.

"எறக்குனா உங்கண்ணன் போயிருவாருட்டி."

பிலோமி அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டாள். மாலையில் படகுகள் கரையை நெருங்கின.

"எலேய், எங்க வீட்டு மாடியப் பாரு. எம் பொஞ்சாதி கையக் காட்டுறா" என்றது மரியானின் குரல்.

பக்கத்துப் படகுக்காரன் சிரித்தான். "நீயும் காட்டுலே."

"எவ்வளவு நேரமாக் காட்டுறேன். எறக்கவே மாட்டேங்கா. அவ எறக்காம நான் எப்படி எறக்க?"

மெற்றில்டா கம்பியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள்.