விலாசச் சீட்டுகள்

மடிக்கணினி அந்தச் சின்னக் கேமராவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு மழைக்கால மத்தியானத்தில். மொட்டைமாடி அணில்கூட்டின் எதிரே இருந்தபடி அவள் காற்றுவழியே அவனுக்குப் படத்தைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புவாள். படம் அடிக்கடி திக்கி நின்றதால், வழியில் எத்தனை பொட்டலங்கள் தொலைகின்றன என்று பிடித்துப் பார்ப்பது அவன் வேலை.

"அண்ணே, அணில்குட்டி கண் திறக்குது, கொஞ்சம் பாரேன்!"

"படம் பார்க்க எனக்கு ஏது நேரம்? வரிசை தப்பாம அனுப்பு. போன நிமிஷம் ஏழு தொலைஞ்சிருக்கு."

"ஏழு தொலைஞ்சதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று சிரித்தாள்.

சற்று நேரத்தில் இடி விழுந்தது. அவள் கருகிப்போனாள்.

அவள் கடைசியாகக் காட்டியதை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது. இருவருக்கும் நடுவில் இருந்த ரவுட்டரிடம் கேட்டான்.

"கைமாத்தி விடுறதுதான் என் பிழைப்பு, தம்பி. எதையும் வச்சுக்கிறதில்லை. பிடிச்சு வச்சவன் நீதானே?"

அவன் தன் சேமிப்பைத் திறந்தான். இடத்தை அடைக்கக் கூடாதென்று, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலிருந்த விலாசச் சீட்டை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த படத்தை அவனே எறிந்திருந்தான். ஆனாலும் ஒன்று விடாமல் புரட்டினான். எங்கிருந்து, எங்கே, வரிசையில் எத்தனையாவது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இருந்தது. அணில் இல்லை.

இன்று அவனிடம் இருப்பவை நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஏழு சீட்டுகள். அவன் அதட்டிய பிறகு அவள் அனுப்பியதில் ஒன்றுகூடத் தொலையவில்லை.