கரடித் தீவுக்குப் பின்னால்

ஜூலை பதினேழாம் நாள், வியாழக்கிழமை. வானில் ஒரு மேகமும் இல்லை. காற்று அறவே இல்லை. குடாவின் மேல்நீர் இருபத்துநான்கு டிகிரி. அதாவது, டிரவுட் மீன்கள் வெறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பு.

காலை ஏழரை மணிக்கு என் தூண்டிலில் ஏதோ ஒன்று கனமாக மாட்டியது.

நான் கூச்சலிடவில்லை. எங்கள் குடாவில் மீன் மாட்டியதும் கூச்சலிடுபவர் வெளியூரார் மட்டுமே. உள்ளூரார் கொட்டாவி விடுவர்.

நான் நீண்டதொரு கொட்டாவி விட்டேன். ஏனெனில் நாற்பது கஜத் தொலைவில், கரடித் தீவுக்குப் பின்னால் மூழ்கிக் கிடக்கும் பாறையின் மறுபுறத்தில், என் கணவரின் அக்காள் சிக்னே தம் படகில் அமர்ந்திருந்தார்.

தூண்டில் இரை விற்கும் இரைக்கடையின் கரும்பலகையில், எங்கே என்ன மீன் மாட்டுகிறது என்ற அன்றாட நிலவரம் எழுதப்படும். அதன் அடியில், அவ்வாரத்தின் மிகப் பெரிய மீனைப் பிடித்தவரின் பெயர் இடம்பெறும். நான் இக்குடும்பத்துக்கு மருமகளாக வந்து ஒன்பது கோடைகள் கடந்துவிட்டன. அவ்விடத்தில் பெரும்பாலும் நான் கண்டது சிக்னேயின் பெயரைத்தான். என் பெயர் ஒருமுறையும் ஏறியதில்லை.

தாம் மீன் பிடிக்கும் இடத்தை அவர் உடன்பிறந்த தம்பியிடமே கூறாதவர். தம்பி மனைவியிடமா கூறுவார்? ஆகவே இரண்டு கோடைகள் அலைந்து இந்தப் பாறையை நானே கண்டுபிடித்திருந்தேன். வாரக் கணக்கு அன்று நண்பகலோடு முடிகிறது.

“என்ன லோர்னா, ஏதாவது கடிச்சுதா?”

“கொசுதான் கடிக்குது, அண்ணி. உங்களுக்கு?”

“என்னை அதுகூடக் கடிக்கல. அக்காவுக்குத் தடிச்ச தோல்னு உன் புருஷன் சின்ன வயசுலயே சொல்லிட்டான்.”

கோலைத் தாழ்த்தி, என் முழங்காலால் மறைத்துக்கொண்டேன். மெதுவாக இருமுறை இழுத்துப் பார்த்தேன். அதுவும் மெதுவாக இருமுறை இழுத்தது.

இத்துணை நிதானமான மீனை நான் அதுவரை சந்தித்ததில்லை.

பின்னர் படகு நகரத் தொடங்கியது. காற்றில்லை, அலையில்லை, துடுப்பு என் காலடியில் கிடந்தது. பதினான்கு அடிப் படகை, என்னையும் என் உணவுப் பெட்டியையும் சேர்த்து இழுத்துச் செல்லும் மீன்!

அது சென்ற திசைதான் கொடுமை. நேராக சிக்னேயை நோக்கிச் சென்றது.

நான் கோலை இறுகப் பற்றினேன். அது மேலும் வலிந்து இழுத்தது. சிக்னேயின் படகும் என் பக்கம் நெருங்குவதாகத் தோன்றியது. வேவு பார்க்க வருகிறார் என்று எண்ணினேன். அவரோ வானத்தைப் பார்த்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். அவர் உருளைக்கிழங்கு சாலட்டில் கடுகு விழுது சேர்க்கலாமா என்று வினவினார். அப்போது எங்கள் இருவருக்கும் குரலை உயர்த்தத் தேவை இருக்கவில்லை.

இரண்டு படகுகளும் ‘டொக்’ என்று முட்டிக்கொண்டன.

இரு நூல்களும் ஒரே இடுக்கில் செங்குத்தாக நீருக்குள் இறங்கியிருந்தன. இருவரும் ஒருசேர உயர்த்தினோம். என் பித்தளைப் போலி இரையும் அவருடைய சிவப்புப் போலி இரையும் ஒன்றையொன்று கௌவியபடி மேலே வந்தன.

சிக்னே இரண்டையும் பிரித்தெடுத்தார்.

“கொட்டாவி நல்லாத்தான் விட்ட. நான் நம்பிட்டேன்டி.”

படகுகள் ஆடும்வரை நாங்கள் சிரித்தோம். பின்னர் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரைக்கடைக்காரர் வென்டலைத் தொலைபேசியில் அழைத்தார்.

“வென்டல், பலகையில எழுதிக்கோ. கரடித் தீவுக்குப் பின்னால, முங்கின பாறைகிட்ட. படகையே இழுத்துட்டுப் போச்சுப்பா. ஒண்ணு இல்ல, ரெண்டு படகை!”

“அண்ணி! அது என் இடம்!”

“இனிமே ஊர் இடம். பேசாம என் பின்னாடி வா.”

வழியில் பத்தொன்பது படகுகள் எங்களுக்கு எதிர்த்திசையில் சீறிப் பாய்ந்து சென்றன. சிக்னே ஒவ்வொருவருக்கும் மரியாதையாகக் கையசைத்தார்.

அவர் இயந்திரத்தை நிறுத்திய இடம், வென்டலின் இரைக்கடைக்குச் சொந்தமான படகுத்துறை. பெட்ரோல் கொட்டகை கடையின் சன்னலை மறைத்திருந்தது. ஒரு படகும் இல்லாத அத்துறையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

“கையை உள்ள விட்டுப் பாரு.”

கடைசித் தூணின் அருகே முழங்கை வரை விட்டேன். எலும்பு வலித்தது. அடியில் ஓர் ஊற்று, பனிக்கட்டியைப் போன்ற நீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. குடா முழுவதும் வெதுவெதுப்பாகும் நாட்களில் டிரவுட் மீன்கள் இங்கேதான் ஒதுங்கும். ஆனால், தலைக்கு மேல் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தால் ஒதுங்கா. படகுகள் முதலில் வேறெங்காவது போயாக வேண்டும்.

ஒன்பது கோடைகளாகப் பலகையில் நான் படித்த மாபெரும் மீன்கள் அனைத்தும் என் நினைவில் வரிசையாக எழுந்தன. அவற்றைத் தேடி ஒவ்வொரு முறையும் இத்துறையை விட்டு முதலில் பாய்ந்தோடிய படகு என்னுடையது.

நண்பகலுக்குச் சற்று முன்னர், இருபத்தொன்பது அங்குல டிரவுட் ஒன்றைக் கடை மேசையின் மீது கிடத்தினேன். பலகையில் ஏற்கெனவே இருந்த சிக்னேயின் மீனைவிட அரை அங்குலம் கூடுதல். அவர் அளவுநாடாவின் மறுமுனையைத் தாமே பிடித்து, இருமுறை அளந்தார்.

வென்டல் சுண்ணக்கட்டியை எடுத்தார். “அடேங்கப்பா! எங்க புடிச்ச, லோர்னா?”

துறையிலிருந்து மேசை வரை என் ஈரக் காலடித் தடங்கள் பன்னிரண்டு இருந்தன. சிக்னே அவற்றை மறைத்து நின்றுகொண்டு கொட்டாவி விட்டார்.

“கரடித் தீவுக்குப் பின்னால,” என்றேன்.

கடைக் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பத்துமூன்று.