மேவிஸுக்கு ஒரு ரசிகை

"கண்டவுடனே ஓடிவந்து கட்டிப்பிடிக்காதீங்க புள்ள. முதல்ல தூரத்தில நிண்டு பாருங்க. பேந்து மெல்லமாக் கிட்ட வந்து, 'நீங்க நடிகை மேவிஸ் பிளென்கின்தானே' எண்டு கேளுங்க. அது காணும்."

"ஓகே ஆன்ட்டி. உங்ககிட்ட பேசணுமா?"

"ஐயோ, வேண்டாம். என்னை ஆரெண்டே தெரியாத மாதிரி இருக்கோணும். மூண்டு மணிக்குச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில, கால்வாய்க்கரைக் கபேக்கு வாங்க."

றெஜினா போனை வைத்தாள். தீப்தியை அவள் நேரில் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து படிக்க வந்த பெண், றெஜினாவுக்குத் தெரிந்த ராஜாமணி அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டாள்.

எல்லாம் மேவிஸுக்காக. எண்பத்தொரு வயது ஆங்கிலேயக் குணச்சித்திர நடிகை. மகளோடு இருக்கக் கனடாவின் மொன்றியலுக்கு வந்துவிட்டவரைப் பகலில் கவனித்துக்கொள்வது றெஜினாவின் வேலை. லண்டன் மேடையிலும் சினிமாவிலும் நாற்பது வருடம் நடித்தவர். நடித்ததென்றால் வேலைக்காரி, கன்னியாஸ்திரி, பக்கத்து வீட்டுக்காரி, பிணத்தை முதலில் கண்டு அலறுகிறவள். கதாநாயகி வேஷம் கிடைக்காததில் அவருக்குக் கவலையே இல்லை. யாராவது ஒருத்தர் தெருவில் நிறுத்தி, உங்களை ஞாபகமிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஒருத்தரும் சொல்லவில்லை.

இன்று காலை பழைய படங்கள், நாடக அறிவிப்புகள், பத்திரிகை நறுக்குகள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டார். நாளை மறுசுழற்சி லொறி வரும்.

"யாருக்கும் ஞாபகமில்லாததை நான் மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும், றெஜினா?" என்று கேட்டார். றெஜினா வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். ஒரு மனிசியின் நாற்பது வருடம் குப்பைக்குப் போவதா?

கபேயில் மேவிஸ் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சரியாக மூன்று மணிக்கு நம்மூர் முகவெட்டோடு ஒரு இளம்பெண் உள்ளே வந்தாள். தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு மெல்லக் கிட்டே வந்தாள்.

"மன்னிக்கவேண்டும், நீங்கள் மேவிஸ் பிளென்கின்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கெட்டிக்காரிதான் என்று நினைத்தபடி றெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"லீட்ஸில் படித்தபோது எங்கள் வகுப்பை ஒரு நாடகத்துக்குக் கூட்டிப்போனார்கள். நீங்கள் மூலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வசனம்கூட இல்லை. எஜமானி அழத் தொடங்கியதும் சத்தம் வராமல் கத்தியைக் கீழே வைத்தீர்கள். அதிலிருந்து கடைசிவரை நான் உங்களை மட்டும்தான் பார்த்தேன்."

றெஜினாவுக்குப் பகீரென்றது. லீட்ஸாம், உருளைக்கிழங்காம், போதாததற்கு இங்கிலாந்து உச்சரிப்பு வேறு. இன்டர்நெட்டில் எதையோ படித்துவிட்டு இந்தப் பிள்ளை அளவுக்கு மிஞ்சி நடிக்கிறது. மேவிஸ் இப்போது கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் பயந்தாள்.

மேவிஸ் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்தியை வைத்தது நானாகச் சேர்த்தது," என்றார்.

அந்தப் பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போய்விட்டாள்.

"றெஜினா, வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிடு. இந்தக் காபி ஆறிப்போயிற்று, சூடாக ஒன்று வாங்கிவா."

றெஜினாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய்தான், அதனாலென்ன, ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் கூப்பிட்டுச் சாப்பாடு போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே காபிக்கு வரிசையில் நின்றாள்.

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் புத்தகப்பையோடு வேறொரு பெண் மூச்சிரைக்க வந்து அவள் காதோரம் குனிந்தாள்.

"றெஜினா ஆன்ட்டிதானே? சாரி ஆன்ட்டி, பஸ்ஸை விட்டுட்டேன். நான்தான் தீப்தி. இப்ப ஆரம்பிக்கட்டுமா?"