டெஸ்ட் ஸ்டூடன்ட்

கேள்வித்தாள் வெளியே போகிறது என்று ஏஞ்சலோவுக்கு நிச்சயமாகிவிட்டது. அது போகிற வழி பரீட்சைப் பிரிவு சூப்பரின்டெண்ட் கிட்டு சாருடைய கம்ப்யூட்டர்.

செம்பூரில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் வகுப்பு சாஃப்ட்வேர் புதிய வர்ஷனுக்கு மாறிக்கொண்டிருந்தது. மேஜை மேஜையாகப் போய் ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது ஏஞ்சலோவின் வேலை. வேண்டாத அக்கவுண்டுகளைக் களையெடுக்கும்போதுதான் இது கண்ணில் பட்டது.

வகுப்பின் ஆன்லைன் பக்கம் மாணவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வதற்காக, வகுப்புக்கு ஒரு பொய் மாணவன் உண்டு. பெயர் டெஸ்ட் ஸ்டூடன்ட். வந்தனா மேடத்தின் பொருளாதார வகுப்பில் அவன் வாராவாரம் பரீட்சையே எழுதியிருந்தான், அதுவும் கேள்வித்தாள் திறந்த முதல் நிமிஷத்தில், கிட்டு சாருடைய கம்ப்யூட்டரிலிருந்து. வாங்கியது நூற்றுக்கு இருபத்தாறு, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு; பாஸுக்கு நாற்பது வேண்டும்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தார் வந்தனா மேடம். "மார்க் இவ்வளவு கம்மியா இருக்கே ஏஞ்சலோ. திருடறவன் இப்படியா திருடுவான்?"

சந்தேகம் வராமலிருக்கச் செய்கிற தந்திரம் என்று முடிவு கட்டினான் ஏஞ்சலோ. பன்னிரண்டாவது முடித்த கையோடு குமாஸ்தாவாக வந்து, முப்பத்தொன்பது வருஷத்தில் ஊரார் பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் தன் கையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று ஆக்கிக்கொண்டவர் கிட்டு சார். சாமானியப்பட்டவரா! முகத்தைப் பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருக்கும்.

மத்தியானமானால் கதவைச் சாத்திக்கொள்கிறார். மாட்டுங்காவிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போகிறது. டெஸ்ட் அக்கவுண்டுகளை என்றைக்கு அழிப்பாய் என்று தினமும் விசாரிப்பு வேறு. தடயம் அழியவேண்டுமே!

ரிஜிஸ்ட்ராருக்குப் புகாரை டைப் செய்து வைத்துவிட்டான் ஏஞ்சலோ. அதை அனுப்பினால் ரிடையர் ஆக ஒரு வருஷம் இருக்கும் மனிதருக்கு வேலையும் போகும், பென்ஷனும் போகும். அதனால் கையும் களவுமாகப் பிடித்த பிறகே அனுப்புவது என்று வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நினைத்தபடியே திரையில் டெஸ்ட் ஸ்டூடன்ட்.

"அரே சார், பேப்பரை யாருக்கு அனுப்புதிய?"

கிட்டு சார் பதறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியைத் திருப்பினார். மேஜை முழுக்க அவர் கையெழுத்தில் விடை போட்டு, அடித்து, மறுபடி போட்ட தாள்கள்.

"புது வர்ஷன்ல மேடம் சொன்னாத்தான் மார்க் தெரியுமாம், உனக்கு மட்டும் இப்பவே தெரியுமாமே. அழிக்கறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்லேன்டாப்பா, இந்தத் தடவையாவது நான் பாஸா?"