காட்டோரம் வந்த கார்

கார் சத்தம் கேட்டதும் கண்ணாயிரம் கம்போடு ஓடினார். காப்புக்காடு வழியாக எரிவாயுக் குழாய் போடுவதை எதிர்க்கும் அடி அண்ணாமலைப் போராட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

காரில் வந்த மூவரும் டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"காட்டோரம் கண்ணாயிரம்னு ஒருத்தருக்கு நிலம் இருக்காமே, எத்தனை ஏக்கருங்க? பத்திரம் அவர் பேர்லதானா?"

"நான்தான்யா கண்ணாயிரம்! காட்டையும் தர மாட்டோம், நிலத்தையும் தர மாட்டோம். கிளம்புங்கய்யா!"

அவர்கள் வாய் திறப்பதற்குள் ஊரே கூடிக் கோஷம் போட்டது. கார் செங்கம் ரோட்டில் பறந்தது.

ஊரார் போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்தவரை, செல்போனும் கையுமாக மறித்தாள் மனைவி ஜோதியம்மாள்.

"புரோக்கர் பேசினாருங்க, தலைவரே! நம்ம சினேகாவைப் பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடி, குடும்பம் எப்படின்னு விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைத்தான் விரட்டிட்டு வந்திருக்கீங்க!"